பின்வாசல் வழியாகப் போன நடிகரைப் பற்றி, தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கோபத்தை முழுசாகக் கேட்டேன். அத்தனை நேரம் வீட்டு வாசலில் கால் கடுக்க நின்றும் உனக்குப் பிடித்த நடிகர் பின்வாசல் வழியாகக் காரில் ஏறிப் போய்விட்டார், கையைக்கூட ஆட்டவில்லை என்றாய். "நம்மளாலதான அக்கா அவர் இந்த இடத்துல இருக்கார், இவ்ளோ தலைக்கனம் ஆகுமா?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. உன்னைப் போலவே மனசு நொந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். அவர் பெயரை மட்டும் எழுதவில்லை. அவர் விரும்பமாட்டார்.

தலைக்கனம் பிடித்த நடிகர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் தலைக்கனம் உள்ளவருக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு நடுவே நின்றால்தான் அதற்குத் தீனி கிடைக்கும். கூட்டத்தைக் கண்டதும் பின்வாசலைத் தேடுகிறவரிடம் இருப்பது வேறு ஏதோ ஒன்று. நாடகத்தில் இருந்த வருஷங்களில் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒருவர் இருந்தார். என் கண்ணில் பட்ட மேடை நடிகர்களில் அவருக்கு இணையாக இன்றுவரை ஒருவரையும் சொல்லமாட்டேன். அவர் மேடையில் அழுதால் முன்வரிசையில் யாராவது ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நாடகம் முடிந்து எல்லோரும் கைகோத்துக் கும்பிட்டு நிற்கும்போது அவர் ஓரத்தில் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நிற்பார். பார்வையாளர்கள் மேடைக்குப் பின்னால் வந்து தேடினால், அவர் செட்டைக் கழற்றும் பையன்களோடு ஆணி பிடுங்கிக்கொண்டிருப்பார். பாராட்ட வந்தவர்களே அவரை அடையாளம் தெரியாமல் அவரிடமே "அவர் எங்கே?" என்று கேட்டதும் உண்டு. "உள்ளே இருப்பார்" என்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மேடையில் அவருக்கு என்ன பேச வேண்டும் என்று தெரியும். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது, எந்த வெளிச்சம் எப்போது அணையும் என்று தெரியும். வேறு ஒருவனுடைய பெயர், வேறு ஒருவனுடைய துக்கம், வேறு ஒருவனுடைய சட்டை. அதற்குள் போய்விட்டால் பயமே இல்லை. நாடகம் முடிந்ததும் அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் ஆளாக நூறு பேர் முன்னால் நிற்கச் சொன்னால்தான் கை நடுங்கும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் நடிப்புக்கு வருவது இதனால்தான். தன் பெயரில் பேச முடியாத ஒன்றை இன்னொருவர் பெயரில் பேசிவிடலாம். ஆனால் பெயர் வாங்கிய பிறகு உலகம் அவர்களிடம் கேட்பது எது? "நீங்கள் நீங்களாக வந்து நில்லுங்கள்" என்பதைத்தான். எதிலிருந்து தப்பிக்க நடிப்புக்குள் வந்தார்களோ அதையே நடிப்புக்குப் பரிசாகக் கொடுக்கிறோம்.

திறமை இருந்தால் பயம் போய்விடும் என்று நினைக்காதே. லாரன்ஸ் ஒலிவியேயைவிடப் பெரிய பெயர் ஆங்கில மேடையில் கிடையாது. லண்டனில் தேசிய நாடக அரங்கத்தின் தலைவராக இருந்த காலத்தில், 1960-களின் நடுவில், அவரை மேடைப் பயம் பிடித்தது. சில வருஷங்கள் விடவே இல்லை. உடன் நடிப்பவர்களிடம், என் கண்ணை நேராகப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு நடித்திருக்கிறார். கண்ணோடு கண் பார்த்தால் வசனம் மறந்துவிடுமோ என்ற பயம். அவ்வளவு பெரிய ஆளுக்கே, ஒத்திகை பார்த்த இடத்திலேயே அப்படி. ஒத்திகையே இல்லாத விமான நிலையத்திலும் கல்யாண வீட்டிலும் ஒரு நடிகருக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்.

கூச்சத்தைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

நடிகருக்கான சரக்கு எங்கிருந்து வருகிறது? மனிதர்களைப் பார்ப்பதிலிருந்து வருகிறது. கடன் கேட்கப் போகிறவர் படியேறும்போது நடை எப்படி மாறுகிறது, கோபத்தை அடக்குகிற பெண் எதை எடுத்து எதை வைக்கிறாள், பொய் சொல்கிற பையன் தேவைக்கு மேல் எத்தனை விவரம் சொல்கிறான். இதையெல்லாம் யாருக்கும் தெரியாமல் மூலையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிரபலமான மறுநாளே அந்த மூலை போய்விடுகிறது. அவர் உள்ளே நுழைந்தால் அந்த இடமே மாறிவிடும். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள், தலைமுடியைச் சரிசெய்கிறார்கள், செல்போனை எடுக்கிறார்கள். இனி அவர் முன்னால் எல்லோரும் நடிக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர் பார்க்கப்படுகிறவர் ஆகிவிட்டார். கிணற்றில் ஊற்று அடைபட்ட மாதிரி, பழைய தண்ணீரையே இறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெரிய நட்சத்திரங்கள் சிலர் பத்து வருஷம் கழித்துத் தங்களையே திரும்பத் திரும்ப நடிப்பதைப் பார்த்திருப்பாய். சோம்பல் என்று நாம் நினைக்கிறோம். புதிதாக ஒரு மனிதரைச் சாதாரணமாகப் பார்க்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைத்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

டேனியல் டே லூயிஸ் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை மூன்று முறை வாங்கியவர். 1990-களின் கடைசியில் படங்களை ஒதுக்கிவிட்டு இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் காலணி செய்யும் ஒரு கைவினைஞரிடம் தொழில் பழகப் போய்விட்டார். விசித்திரமான ஆள் என்று எழுதினார்கள். எனக்கு அதில் விசித்திரமே தெரியவில்லை. தோலையும் ஊசியையும் பார்த்து வேலை செய்கிற இடத்தில், இவர் யார் என்பதைவிடத் தையல் நேராக விழுந்ததா என்பதுதான் பெரிய விஷயம். 2017-இல் நடிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தபோதும் காரணம் சொல்லாமல் ஒதுங்கினார். 2025-இல் மகன் இயக்கிய படத்தில் திரும்பவும் வந்தார். நடிப்பு அவரை விட்டுப் போகவே இல்லை பார்த்தாயா.

நம் பக்கத்திலிருந்தும் ஒன்று யோசி. ஒரு நடிகரின் வீட்டு வரவேற்பறை, அவர் மனைவியோடு போட்ட சண்டை, அவருடைய உடற்பயிற்சி எல்லாம் நமக்குத் தெரிந்த பிறகு, படத்தில் அவர் ஏழைத் தகப்பனாக வந்து அழும்போது நமக்கு முன்னால் நிற்பது யார்? அந்தத் தகப்பனா, அந்த வரவேற்பறைக்காரரா? தன்னைப் பற்றிக் குறைவாகச் சொல்கிற நடிகர் தன் பாத்திரத்துக்கு இடம் விட்டு வைக்கிறார். உனக்கு அவரை அவ்வளவு பிடித்ததற்கே அவரைப் பற்றி உனக்கு ஒன்றுமே தெரியாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கவுண்டமணியை எடுத்துக்கொள். அவர் வசனம் இல்லாமல் நம் வீடுகளில் ஒரு நாள் போகுமா? பேட்டி என்றால் அவர் காத தூரம் ஓடுகிறவர். அவர் பேட்டி கொடுக்கவில்லை என்பதற்காக நாம் ஒரு சிரிப்பையாவது குறைவாகச் சிரித்தோமா?

"நம்மளாலதான" என்ற உன் வார்த்தைக்கு வருகிறேன். அது பாதி உண்மை. நீ டிக்கெட் வாங்கினாய், அவர் நடித்தார். அந்தக் கணக்கு அரங்கத்துக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. தீரவில்லை என்று நமக்குத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். திரையிலும் வானொலியிலும் அடிக்கடி பார்க்கிற, கேட்கிற ஒருவரோடு நமக்கு உண்மையான நெருக்கம் வந்துவிடுகிறது, ஆனால் அது ஒருபக்க நெருக்கம் என்றார்கள். உனக்கு அவரைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். அப்பா இல்லாத வருஷங்களில் அவர் படங்கள் உனக்கு எவ்வளவு துணையாக இருந்தன என்பது எனக்கும் தெரியும். அவருக்கு நீ அன்று வாசலில் நின்ற ஒரு முகம். இதில் யார் மேலும் குற்றம் இல்லை. நீ கேட்டது ஒரு நிமிஷம்தான். அங்கே நின்ற ஒவ்வொருவரும் கேட்டதும் அதே ஒரு நிமிஷம்தான். அத்தனை நிமிஷங்களும் ஒரே மனிதரிடமிருந்து போக வேண்டும். கொடுத்தால் மறுநாளும் கூட்டம் வரும், கொடுக்காவிட்டால் திமிர் என்பார்கள்.

அந்த ஒருபக்க நெருக்கம் முற்றிப் போனால் என்ன ஆகும் என்பதையும் எழுதத்தான் வேண்டும். 1981-இல் ஒருவன் அமெரிக்க அதிபர் ரீகனைச் சுட்டான். ஜோடி ஃபாஸ்டர் என்ற நடிகை தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தான். அப்போது அந்தப் பெண் 18 வயதுக் கல்லூரி மாணவி. 1989-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ரெபெக்கா ஷேஃபர் என்ற 21 வயது நடிகையை அவருடைய வீட்டு வாசலிலேயே ஒரு ரசிகன் சுட்டுக் கொன்றான். ஒரு துப்பறிவாளர் மூலம், வாகனப் பதிவு ஆவணத்திலிருந்து முகவரியை எடுத்திருந்தான். அதற்கு முன்னால் அவனுடைய கடிதம் ஒன்றுக்கு அந்தப் பெண் அன்பாகப் பதில் போட்டிருந்தார். அடுத்த வருஷமே கலிஃபோர்னியா மாநிலம், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் அதுதான் இந்த வகையில் முதல் சட்டம். உன்னை அவர்களோடு சேர்த்துப் பேசவில்லை, தம்பி. ஆனால் வாசலில் நிற்கிற நூறு பேரில் யார் நீ, யார் அவன் என்று உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? குறிப்பாகப் பெண்களுக்கு இந்தக் கணக்கு ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் இருக்கிறது.

பெண்கள் என்றதும் மூன்று நடிகைகள் நினைவுக்கு வருகிறார்கள். ஹாலிவுட்டின் கிரேட்டா கார்போவின் கடைசிப் படம் 1941-இல் வந்தது, அப்போது வயது 36. பிறகு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. 1955-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோதும் மேடைக்கு வரவில்லை. ஜப்பானின் செட்சுகோ ஹாரா 1960-களின் தொடக்கத்தில், நாற்பது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே விலகினார். குடும்பத்தைக் காப்பாற்றத்தான் நடித்தேன், நடிப்பை ஒருபோதும் ரசித்ததில்லை என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. காமகூரா என்ற ஊரில் பேட்டியும் படமும் இல்லாமல் ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். 2015 செப்டம்பரில் இறந்த செய்தியே நவம்பரில்தான் வெளியே வந்தது. வங்காளத்தின் சுசித்ரா சென் 1963-இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியவர். 1978-க்குப் பிறகு 2014-இல் இறக்கும்வரை பொதுவில் அநேகமாக வரவே இல்லை. நேரில் வந்து வாங்க வேண்டும் என்பதால் தாதாசாகேப் பால்கே விருதையே வேண்டாம் என்றார் எனச் செய்திகள் வந்தன.

முகம் வயதாவதைக் காட்ட விரும்பவில்லை என்று மூவரைப் பற்றியும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் எரிச்சலூட்டுகிறது. ஒரு ஆண் விலகினால் துறவு, பெண் விலகினால் சுருக்கத்துக்குப் பயம். கார்போ நியூயார்க் தெருக்களில் தினமும் நடந்து போனவர். அவரை ஒளியவிடாமல் பின்னால் அலைந்தவர்கள் புகைப்படக்காரர்கள்தான். புகழுக்குள் நுழைய வாசல் உண்டு, திரும்பி வர ஒரு சந்துகூட இல்லை என்பதை அந்த அம்மா கடைசிவரை அனுபவித்தார்.

நீ சொன்னதில் நியாயம் இருக்கிற இடமும் ஒன்று உண்டு. படத்தை மக்களிடம் கொண்டுபோக நடிகர் வராவிட்டால் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. முதல் படம் எடுத்த இயக்குநர், சம்பள பாக்கியில் நிற்கிற துணை நடிகர்கள், எல்லோருக்கும் அடி. புரமோஷனுக்கு வருவேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் வரத்தான் வேண்டும். வரமாட்டேன் என்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒதுங்கியிருப்பதே பெரிய நடிகர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும் வசதி என்பதும் உண்மை. சின்ன நடிகர் ஒருவர் செல்ஃபிக்கு முகம் திருப்பினால் அடுத்த வாய்ப்பே போய்விடும். கூச்சம் இருந்தும் சிரித்துக்கொண்டு நிற்கிற அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஆனால் ரசிகர்களிடமிருந்து விலகுவது எப்போதும் ரசிகர்களை வெறுப்பது ஆகாது. அஜித்குமார் 2011-இல் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021-இல், பட்டப்பெயர் வேண்டாம், பெயர் சொல்லி அழைத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். வலிய வருகிற கூட்டத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசி. அத்தனை இளைஞர்களின் நேரத்தைத் தன் பெயரால் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்ற மரியாதையாகத்தான் எனக்கு அது படுகிறது.

இனி அவர் வீட்டு வாசலுக்குப் போகாதே. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தால் தயாரிப்பு நிறுவனத்தின் முகவரிக்கு எழுது. தெய்வம், உயிர் என்றெல்லாம் எழுதாதே. அந்த ஆஸ்பத்திரிக் காட்சியில் அவர் அழாமல் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திரும்பத் திரும்பத் திருகுவார் என்று என்னிடம் சொன்னாயே, அதை எழுது. எங்கள் குழுவில் இருந்தவர் அப்படி ஒரு பேச்சு வந்தால் மட்டும் ஆணி பிடுங்குவதை நிறுத்திவிட்டு நின்று கேட்பார். கடைசியில், பதில் போட வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்துவிடு.

அன்புடன்,
அக்கா