தேன் விற்பவன் எழுதும் திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் ஞாயிறு இணைப்பில், பிறந்த குழந்தைக்கு வாங்க வேண்டிய இயற்கைப் பொருள்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். மார்த்தாண்டத்தில் என் தகப்பனார் காலம் முதல் நாட்டு மருந்துக் கடை நடத்தி வருகிறோம். கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து வருவோர் அதை அங்காடி மருந்துக் கடை என்பார்கள். கட்டுரையாளர் தந்த பட்டியலில் பாதிக்கு மேல் என் கடைச் சரக்கு என்பதால் நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் பட்டியலின் முதலிடத்தில் தேனும் அடுத்தபடியாக வசம்பும் இருப்பதைக் கண்டபின், நான்கு மாதங்களுக்கு முன் பேத்தி பிறந்த வீட்டுக்காரன் என்ற முறையில், எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஊர்க்காரன் நான். ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் எங்களைச் சுற்றி ஏராளம். அவர்களிடம் நேரே வாங்கி நானே வடிகட்டிப் புட்டியில் அடைக்கிறேன்; அதில் கலப்படம் இல்லை என்று சத்தியம் செய்து சொல்லலாம். அப்படிப்பட்ட தேனையும் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளிகூடத் தரக் கூடாது. காரணம் கலப்படமன்று. மண்ணிலும் தூசியிலும் உள்ள க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள், எவ்வளவு சுத்தமாக எடுத்த தேனிலும் இருக்கக்கூடும். நம் குடலில் அவை முளைப்பதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகை மெலிதல், பால் உறிஞ்ச வலுவின்மை, கழுத்து துவளுதல் என்று அது தசைகளைத் தளர்த்திக்கொண்டே போய், கடைசியில் மூச்சுக்கே வந்து நிற்கும். அடுப்பில் வைத்துக் காய்ச்சினாலும் இந்த வித்துகள் சாவதில்லை. அரிதாக வரும் நோய்தான். ஆனால் தேனைத் தவிர்ப்பதால் கைக்குழந்தை இழப்பது எதுவுமில்லை என்னும்போது அந்த அரிதைச் சோதித்துப் பார்ப்பானேன்?

இதைக் குழந்தை மருத்துவர் எனக்கு விளக்கியது பேத்தியின் இருபத்தெட்டுக் கெட்டு என்னும் இருபத்தெட்டாம் நாள் சடங்குக்கு இரண்டு நாள் முன்பு. அரைஞாண் கட்டி, பொன்னும் வசம்பும் தேனில் உரைத்து நாக்கில் தொட்டு வைப்பது மருமகன் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டிலும் அதுதான். என் மகளுக்கு என் தாயார் வைத்தார். சம்பந்தியம்மாளிடம் தேன் வேண்டாம் என்றபோது அவர் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது: "தேன் விக்கிற நீங்களே இப்படிச் சொன்னா, வாங்குறவங்க என்ன நினைப்பாங்க?" பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மகள்தான் வழி கண்டாள். பொன்னைத் தாய்ப்பாலில் நனைத்துத் தொட்டு வைத்தோம். சடங்கும் குறைவின்றி நடந்தது. வசம்பை ஒதுக்கியதற்கும் காரணம் உண்டு. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய வேர்தான். ஆனால் அதிலுள்ள அசரோன் என்னும் பொருளை நச்சுப் பொருளாகவே மருத்துவர்கள் எண்ணுகிறார்கள். சுட்டு உரைத்து அம்மிணிக்கு ஒரு பாலாடை, அவள் அண்ணனுக்கு ஒரு பாலாடை என்று கணக்கில்லாமல் புகட்டுகிற பழக்கத்துக்கு என் கடையிலிருந்து இனிச் சரக்கு போவதில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைத் தங்கள் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

அடுத்தது, இயற்கை என்ற பெயரில் பெட்டி பெட்டியாக வரும் பொருள்கள். மருமகன் வெளிநாட்டிலிருந்து கைப்பேசியிலேயே பணம் கட்டி ஒரு பரிசுப் பெட்டி அனுப்பி வைத்தார். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அதிலிருந்த உடம்புக்குத் தேய்க்கும் எண்ணெயின் முகப்பில் பாதி உடைத்த தேங்காய், இரண்டு வேப்பிலை, நடுவில் ‘நூறு சதவீதம் இயற்கை’. பின்புற எழுத்து என் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு எட்டவில்லை. கடையில் சரக்கில் பூச்சி பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். முதலில் லைட் லிக்விட் பாரஃபின், பிறகு வாசனைத் திரவியம். தேங்காய் எண்ணெய் கடைசிக்கு முந்தையது. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது அழகுப் பொருள்களுக்கான விதி. ஆகவே எது புட்டியை நிரப்பியிருக்கிறது என்பதை முதல் பெயரே காட்டிக் கொடுத்துவிடும். பாரஃபின் தோலுக்குக் கெடுதி என்று நான் சொல்லவில்லை, மருத்துவரும் சொல்லவில்லை. கச்சா எண்ணெயிலிருந்து வடித்ததைத் தேங்காய்ப் படம் போட்டு, தேங்காய் எண்ணெயைப் போல் நான்கு மடங்கு விலைக்கு விற்பதைத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கே என் மனைவி தோப்புத் தேங்காய் இருபது துருவிப் பால் பிழிந்து உருளியில் காய்ச்சினாள். பால் திரிந்து, வெண்கசடு மெல்லப் பொன்னிறமாகி, சடசடவென்ற ஓசை அடங்கும் நேரம் பார்த்து இறக்க வேண்டும். ஒரு நிமிடம் தவறினால் எண்ணெயில் கருகல் வாடை ஏறிவிடும். கேரளத்தில் உருக்கு வெளிச்செண்ணெய் என்பது இதுதான். பேத்திக்கு இன்றுவரை தேய்ப்பது அதைத்தான்.

கஸ்தூரி மஞ்சள் பற்றியும் ஒரு சொல். கட்டுரையில் அச்சான படத்தில் பொடி பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருந்தது. அசல் கஸ்தூரி மஞ்சளை நறுக்கினால் உள்ளே வெளிறிய தந்த நிறம். கற்பூர வாசம் தூக்கும். கையில் கறை பிடிக்காது. பளிச்சென்று மஞ்சளாக விற்பது பெரும்பாலும் மஞ்சக்கூவைக் கிழங்கு. இரண்டு வருடம் நானும் விவரம் தெரியாமல் கூவையைத்தான் விற்றேன். சாம்பிராணிப் புகையும் அப்படியே: மரப்பிசின் இயற்கைதான், ஆனால் புகை புகைதான், பிஞ்சு நுரையீரலுக்கு அது ஆகாது. கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று கிண்ணத்தில் வருவதைப் பற்றி எழுதினால் கடிதம் நீளும்.

இயற்கை வேளாண் பொருள் என்ற பேச்சு உண்மையிலேயே பொருள்படுவது ஆறு மாதம் கழித்து, திட உணவு தொடங்கும்போது. எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு முதலில் ஊட்டுவது ஏத்தங்காய் என்னும் நேந்திரங்காய்ப் பொடிக் கூழ், பிறகு மசித்த மட்டி வாழைப்பழம். ஏத்தன் வாழையின் மட்டை இடுக்கில் குருணை மருந்து போடும் பழக்கம் இரு மாநிலத்திலும் இருந்தது. அப்படிப் போட்ட ஃபோரேட் என்னும் பூச்சிமருந்தைக் கேரளம் 2011-லேயே தடுத்தது. நாடு முழுவதும் 2020 முடிவோடு தடை வந்தது. தடை வந்த மறுநாளே எல்லாத் தோட்டமும் மாறிவிடும் என்று நம்ப முடியாது. 2015-இல் நம் காய்கறி லாரிகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகக் கேரளம் கிளப்பிய சர்ச்சையைக் எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாகச் சரக்கு அனுப்பிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது கோபப்பட்டவர்களில் நானும் ஒருவன். இன்று, பேத்திக்கு ஆறு மாதம் ஆனதும் ஊட்ட வாழைக்காய் தேடும்போது அதே கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன்.

உணவுக்கு மட்டும் இதில் சட்டத்தின் துணை இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, இயற்கை வேளாண் உணவு என்று பொட்டலத்தில் அச்சிட்டு விற்கச் சான்றிதழ் வேண்டும். ஜைவிக் பாரத் முத்திரை அதன் அடையாளம். தென்னை, மா போன்ற பல்லாண்டுப் பயிருக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் ரசாயனம் இடாமல் இருந்த பிறகே மத்திய அரசின் திட்டத்தில் சான்று கிடைக்கும். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்பனை உள்ள சிறு விவசாயி நேரே நுகர்வோருக்கு விற்றால் சான்றிதழ் தேவையில்லை. அவரை நம்புவதா என்பதை அவர் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நான் திருவட்டாறு பக்கம் ஒருவரிடம் வாங்குகிறேன்; முதல் தடவை போனபோது தோட்டத்தைச் சுற்றிக் காட்டச் சொன்னேன், அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் சோப்புக்கும் பவுடருக்கும் தேய்க்கும் எண்ணெய்க்கும் இந்த முத்திரை கிடையாது. அங்கே ‘இயற்கை’ என்பது பெரும்பாலும் விற்பவனின் வாய்ச்சொல்.

துணியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சர்வதேசச் சான்று பெற்ற இயற்கைப் பருத்தி ஆடை திருப்பூரிலேயே தயாராகிறது. வசதி உள்ளவர்கள் வாங்கலாம். வாங்க முடியாதவர்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. நூறு தடவை துவைத்துப் பழசான என் வேட்டிகள் நான்கைக் கிழித்துத்தான் பேத்திக்குக் கோவணத் துணியும் தொட்டில் விரிப்பும் தைத்தோம். புதுத் துணியானால், கஞ்சியும் சாயமும் போக இரண்டு முறை அலசிய பிறகே போட வேண்டும்.

தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்ற திருத்தத்தை, கட்டுரை வந்த அதே இணைப்பில், அதே அளவு கண்ணில் படும்படி வெளியிடுங்கள். அடுத்து, அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் இருந்த குழந்தைப் பொருள் விளம்பரத்துக்கும் மேல்பாதிக் கட்டுரைக்கும் இடையே வாசகருக்குத் தெரியும்படி ஒரு கோடாவது போடுங்கள். கட்டுரையில் புகழ்ந்த நான்கு பொருள்களும் கீழே விலையோடு இருந்தன.

நேற்று மாலைகூட, பத்திரிகையில் வந்த பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு இளைஞர் பாறசாலையிலிருந்து வந்தார். சுத்தமான தேன் கால் கிலோ வேண்டும் என்றார். பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன். பதினெட்டு நாள் என்றார்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.