கடலோர ஊர்களுக்கும் உடனிருந்தோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 2017-இல் கன்னியாகுமரிக் கடலோரத்தைத் தாக்கிய ஒக்கிப் புயலில் தந்தையைப் பறிகொடுத்த எட்டு வயதுச் சிறுமியை மையமாக வைத்து நான் எழுதிய நாவல் அச்சேறி உங்கள் கைகளுக்கு வந்திருக்கிறது. நூலில் நன்றியுரை இல்லையே என்று சிலர் கேட்டார்கள். அது மறதியன்று. எனக்கு உதவியவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயர் அச்சில் வருவதை விரும்பவில்லை. வீட்டுத் துக்கத்தை விலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு எழக்கூடாது என அவர்கள் எண்ணியது நியாயமே. ஆகவே ஒருவர் பெயரையும் சொல்லாமல், அவரவர் தம்மை அடையாளம் கண்டுகொண்டால் போதும் என்ற எண்ணத்துடன் இம்மடலை எழுதுகிறேன்.

நான் விளவங்கோடு வட்டத்தின் உட்பகுதியில், ரப்பர் மரங்களுக்கிடையே வளர்ந்தவன். 2017 நவம்பர் 30 அன்று ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்ததைத்தான் எங்கள் பக்கத்தில் புயல் என்று பேசிக்கொண்டோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆகிய ஊர்களின் ஆண்கள் அதே வேளையில் கரையிலிருந்து நெடுந்தொலைவில் இருந்தார்கள் என்பதும், அவர்களுள் பலர் திரும்பவே இல்லை என்பதும் எங்களுக்குச் செய்தித்தாள் வழியாகவே தெரிய வந்தன. கடற்கரைக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு பேருந்துப் பயணம்தான். இருந்தும் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து எனக்குக் காட்ட வேறு மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

முதல் நன்றி, விசைப்படகில் ஸ்ராங்காக, அதாவது படகைச் செலுத்தும் தலைவராக, பல்லாண்டு உழைத்து ஓய்ந்த அண்ணனுக்கு. லட்சத்தீவுப் பக்கமும் குஜராத் வரையிலும் சென்று வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிச் சுறா பிடிக்கும் தொழிலை அவர் பொறுமையாக விளக்கினார். நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே புயலாகிவிட்டதையும், கரையில் சொல்லப்பட்ட எச்சரிக்கை படகிலிருந்த சாதாரண வயர்லெஸ்ஸுக்கு எட்டாமற்போனதையும் அவர் சொன்ன பிறகுதான் அந்த இரவு எனக்குப் புரிந்தது. அவர் கற்பித்தவற்றில் மிகச் சிறிய பகுதியே நாவலில் இடம்பெற்றிருக்கிறது. சிறுமிக்குத் தெரியாதது நாவலுக்கும் தெரியக்கூடாது என்று நான் ஒரு விதி வகுத்துக்கொண்டதே அதற்குக் காரணம். அண்ணன் மன்னிக்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்து, மீன் சருவத்தை இறக்கி வைத்துவிட்டுத் தம் வீட்டுத் திண்ணையில் என்னோடு பேசிய அக்காவுக்கு. நாவலின் நடுப்பகுதி முழுவதும் அவர் தந்ததே என்று சொல்வது மிகையாகாது. கேரளக் கரையில் மீட்கப்பட்ட உடல்களை முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாத நிலையில் மரபணுச் சோதனை செய்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. அச்சோதனைக்கு மனைவியின் இரத்தம் பயன்படாது, இறந்தவரின் பெற்றோரோ உடன்பிறந்தோரோ பிள்ளைகளோ கொடுக்க வேண்டும் என்பதையும், அதனால் அவருடைய சின்ன மகளை அழைத்துச் செல்ல நேர்ந்ததையும் அவர்தான் எனக்குச் சொன்னார். எதற்காக ஊசி போடுகிறார்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டபோது, உடன் வந்த உறவினர் ஒருவர், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உன் இரத்தம் வேண்டும் என்று அன்பினால் சொல்லிவிட்டாராம். தன் இரத்தம் அப்பாவின் உடம்பில் ஏறிவிட்டது, ஆகவே அவர் பிழைத்து வந்துவிடுவார் என்று அந்தக் குழந்தை நம்பியது; நாள் செல்லச் செல்ல, தான் கொடுத்தது போதவில்லை போலும் என்று தன்னையே நொந்துகொண்டது. இதை எழுதலாமா என்று நான் தயங்கியபோது, “எழுது மக்களே, அடுத்த பிள்ளைக்கிட்டயாவது உள்ளதைச் சொல்லட்டும்” என்றார் அக்கா. அந்த அனுமதி இல்லையென்றால் இந்த நாவல் இல்லை.

அந்த நம்பிக்கையின் பின்னால் இருப்பதை எனக்கு விளக்கிய மனநல மருத்துவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் இறந்தவர் திரும்பி வரக்கூடும் என்று எண்ணுவது இயல்பு என்றும், எட்டு வயதுப் பிள்ளைக்கு இறப்பு மீளாதது என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும் என்றும், பெரியவர்களின் அரைகுறைப் பதில்களே அந்த அறிவைக் குழப்பிவிடுகின்றன என்றும் அவர் சொன்னார். தான் கோபித்துக்கொண்டதால்தான், தான் பிடிவாதம் பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று பிள்ளைகள் மனத்துக்குள் முடிவுகட்டிக்கொள்வது மிகப் பரவலானதாம். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞரைப் பற்றியும் அவர் வழியாகவே அறிந்தேன். உடலும் இல்லை, உறுதியும் இல்லை என்னும்போது துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது என்ற பாஸின் கருத்தைப் படித்தபோது, குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து, கடலுக்குப் போனவர்களைத் தேடித் தாருங்கள் என்று 2017 டிசம்பரில் போராடிய மக்கள் நினைவுக்கு வந்தார்கள். அக்கூட்டத்தில் நிவாரணம் கேட்டு வந்தவர்களை விட விடை கேட்டு வந்தவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் கையெழுத்துப் படி முழுவதையும் படித்துக் கருத்துச் சொன்னார். தந்தை காணாமற்போன மறுவாரமே சிறுமி பாண்டி விளையாடிச் சிரிப்பதாக எழுதியிருந்ததை, கல்நெஞ்சுக்காரி போலத் தோன்றுகிறதே என்று வேறு சிலர் நீக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் அழுகைக்கும் விளையாட்டுக்கும் இடையே இப்படித்தான் போய்வருவார்கள், தம் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன் என்று அவர் உறுதியாகச் சொன்னதால் அந்தப் பகுதி பிழைத்தது. படிவங்களில் தந்தை பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் அந்த இடத்தை அவர் வெற்றாக விட்டுவைத்ததும் நாவலில் வருகிறது. அப்போது நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் தகவலே இல்லாதபோதுதான் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ள முடிந்தது. ஒக்கியில் காணாமற்போனோர் குடும்பங்களுக்கு அரசு அவ்வளவு காலம் காத்திருக்காமல் 20 லட்சம் ரூபாய் வழங்கியது நல்ல செயலே. ஆனால் பணம் வந்த நாளில்தான் பல வீடுகளில் இறப்பு உறுதியாயிற்று என்று, சட்ட நுணுக்கங்களை எனக்குச் சொல்லித்தந்த வழக்கறிஞர் நண்பர் குறிப்பிட்டார். அவருக்கும் நன்றி.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், கல்லறையே இல்லாதவருக்கு மெழுகுவர்த்தியை எங்கே ஏற்றுவது என்று சிறுமி கேட்கும் அத்தியாயம், ஒரு பங்குத்தந்தையோடு நடந்த நீண்ட உரையாடலிலிருந்து பிறந்தது. பழைய செய்தித்தாள் தொகுப்புகளை எடுத்துத் தந்த நூலக ஊழியர்கள், என் கையெழுத்தோடு போராடித் தட்டச்சு செய்த தம்பி, கதையின் முடிவில் தந்தையின் உடலைக் கிடைக்கச் செய்துவிடலாமே என்ற யோசனையை என் மறுப்புக்குப் பின் வற்புறுத்தாத பதிப்பாளர் ஆகிய எல்லாருக்கும் என் வணக்கம்.

நாவலின் படிகளைக் கடலோர ஊர்களின் நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்து வருகிறேன். இன்னும் கிடைக்காத ஊர்க்காரர்கள் பதிப்பகத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால் போதும். படகையோ பள்ளியையோ வழிபாட்டையோ பற்றி நான் எழுதியதில் பிசகு எதுவும் கண்டால் தயங்காமல் தெரிவியுங்கள். இரண்டாம் பதிப்புக்கான வேலையை ஸ்ராங்கு அண்ணன் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்.

நன்றியுடன்,
நாவலாசிரியர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.