கோரிக்கை மனு: நுவரெலியா சீசன் வேலைகளின்போது ஓடைக் கரைப் பற்றைகளை ஏப்ரல் 20 வரை வெட்டாதிருத்தல்

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
நுவரெலியா.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

ஏப்ரல் சுற்றுலாச் சீசனுக்காக நகரையும் கிரகரி வாவிக் கரையையும் அழகுபடுத்தும் வேலைகள் ஆண்டுதோறும் மார்ச்சில் சூடுபிடிக்கும். புல் வெட்டுவது, பூப்பாத்தி அமைப்பது, நடைபாதைக்கு நிறம் பூசுவது எதிலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஓடைக் கரைப் பற்றைகளை வெட்டுவதையும் சருகைக் கூட்டி எரிப்பதையும் மட்டும் ஏப்ரல் 20க்குப் பின் வைத்துக்கொள்ளும்படி உரியவர்களுக்குப் பணிக்க வேண்டுகிறோம்.

விக்டோரியா பூங்காவுக்குக் கமராவும் தொலைநோக்கியுமாக வருவோரில் பெரும்பாலானோர் தேடுவது மூன்று குளிர்கால விருந்தாளிகளை. முதலாவது காஷ்மீர் ஈப்பிடிப்பான். வடமேற்கு இமயத்தில் கூடு கட்டி, குளிர்காலத்தை நம் மலையகத்திலும் தென்னிந்திய மலைகளிலும் கழிக்கும் இச்சிறு பறவை, உலகச் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆணின் தொண்டையும் மார்பும் செங்கல் நிறம், இரு பக்கமும் கரிய ஓரம். இரண்டாவது, வெள்ளைப் புருவமும் மஞ்சள் அலகும் கொண்ட கறுப்பு வெள்ளைப் பூங்குருவி. மூன்றாவது இந்திய நீல ராபின். ஆறுமணிக்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் அதே நிழலில்தான் மேய்கின்றன.

இவை பூப்பாத்திப் பக்கம் வருவது குறைவு. சுற்றுலாப் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகும், பூங்காவின் ஓடை மூலைதான் இவற்றுக்குப் பிடித்த இடம். காரணம் எளியது. பூங்குருவி ஈரச் சருகை அலகால் புரட்டிப் போட்டு அடியிலிருக்கும் புழுவையும் பூச்சியையும் எடுக்கும். சருகைக் கூட்டி எரித்த நிலத்தில் அதற்கு இரை இல்லை. ஈப்பிடிப்பான் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, வாலை ஆட்டியபடி தரையைக் கவனித்து, பூச்சி அசைந்தால் இறங்கும். கீழ்க் கிளைகளைக் கழித்துவிட்டால் அது உட்கார இடமில்லை. நீல ராபின் அடர்ந்த பற்றைக்குள்ளிருந்து ஓரிரு அடிகூட வெளியே வரத் தயங்கும்.

மார்ச்சில் வெட்டக்கூடாது என்று நாம் அழுத்திச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஈப்பிடிப்பான் மார்ச் இறுதியில் புறப்படுகிறது. பூங்குருவி போன்ற சில ஏப்ரலிலும் தங்கும். புறப்படுமுன் உடலில் கொழுப்பு சேர வேண்டும், அதுவே நெடும் பறப்புக்கான எரிபொருள். சரியாக அந்த வாரங்களில் கத்தியும் தீயும் வந்தால் பறவை மெலிந்த உடலோடு கடல் கடக்கிறது. நகரிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள கல்வேஸ் லேண்ட் காடு 2006இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டிருக்கிறது என்றாலும் அதன் பாதுகாப்பு இந்த ஓடைக் கரையை எட்டுவதில்லை.

புத்தாண்டு முடிந்ததும், தென்மேல் பருவமழை மே நடுப்பகுதிக்கு மேல் இறங்குமுன்னும் மூன்று வார இடைவெளி கிடைக்கிறது. வெள்ளத்தைத் தடுக்க ஓடையைத் தூர்வாருவது அவசியம் என்பதை அறிவோம். அதையும் அந்த இடைவெளியிலேயே செய்யலாம். ஒரு ஆண்டில் ஒரு கரையில் மட்டும் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறங்கட்டும். மறு கரைப் பற்றை அடுத்த ஆண்டுவரை நிற்கட்டும். தோண்டிய சேற்றைக் கரைப் பற்றையின் மேல் கொட்டாமல் அன்றே ஏற்றிச் செல்ல வேண்டும். கொட்டினால் செடி மூச்சடைத்துச் சாகும், முதல் மழையில் சேறும் மறுபடி ஓடைக்கே இறங்கும். அவ்வளவு செலவும் வீண். எரிப்பதற்குப் பதிலாகச் சருகை மரத்தடியிலேயே குவித்து வைப்பது கூலியையும் மிச்சப்படுத்தும்.

வாவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1873இல் சதுப்பை அடைத்துக் கட்டிய இந்நீர்நிலையில் தண்ணீர் வந்து சேரும் பக்கத்துச் சேற்று விளிம்பில்தான் உள்ளானும் குளக்கொக்கும் நிற்கின்றன. முக்குளிப்பானின் கூடு மிதக்கும் நீர்ச்செடிக் குவியல். ஜெட் ஸ்கீயும் விசைப்படகும் அருகே திரும்பினால் அலை முட்டைகளைத் தள்ளிவிடும். அந்த முனையிலிருந்து 50 மீட்டருக்கு மிதவை கட்டி எல்லை குறித்தால் போதும். துடுப்புப் படகுகள் தாராளமாகப் போகலாம்.

கரட் கழுவும் தண்ணீர்தான் எங்களை அதிகம் கவலைப்படுத்துகிறது. மரக்கறித் தோட்டங்களில் பிடுங்கிய கரட்டை ஓடையில் கழுவும்போது இறங்கும் மண், கீழே கூழாங்கற்களின் இடுக்குகளை அடைக்கிறது. சாம்பல் வாலாட்டி தின்னும் நீர்ப்பூச்சிகளின் குஞ்சுகள் அந்த இடுக்குகளில்தான் வளர்கின்றன. கல்லைத் தூக்கிப் பாருங்கள்: சுத்தமான ஓடையில் அடிப்பக்கம் தட்டையான சிறு பூச்சிகள் ஓடும், மண்ணடைந்த ஓடையில் வழவழப்பான சேறுதான் கையில் ஒட்டும். கலங்கிய நீரில் மீன் தெரியாததால் சிறிய நீல மீன்கொத்தியும் இடம் மாறிவிடுகிறது. கழுவும் இடத்தில் இரண்டு குழிகளை அடுத்தடுத்துத் தோண்டி, முதலாவதில் மண் படிந்த பின் மேல்நீர் மட்டும் இரண்டாவதற்கு வழிந்து ஓடைக்குப் போகச் செய்யலாம். வாரம் ஒருமுறை வாரும் வண்டல் மறுபடி தோட்டத்து மண்ணாகும். இதைப் பயிர்ச்செய்கையாளருக்கு விவசாய உத்தியோகத்தர் மூலம் அறிவுறுத்தினால் பலன் கிட்டும்; தண்டத்தால் முதலில் வருவது மனக்கசப்புதான்.

பொமுரு எல்ல அருவிப் பக்கம் வேறு ஒரு தொல்லை. அங்கு ஓடையோரப் பாறைகளில் வாழும் இலங்கைச் சீகாரப் பூங்குருவி நம் நாட்டுக்கே உரியது, அழிவின் விளிம்பில் நிற்பது. ஜனவரி முதல் மே வரை அது கூடு கட்டும் காலம். பறவையை வெளியே வரவழைக்கக் கைத்தொலைபேசியில் அதன் விசிலை ஒலிக்க விடுகிறார்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று எண்ணி, அதை விரட்டப் பறவை கூட்டை விட்டு வருகிறது. இந்த மாதங்களில் ஒலிபரப்பித் தேடுவதைத் தடைசெய்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகை வைக்க வேண்டும். வழிகாட்டிகளின் அனுமதிப்பத்திரத்திலும் நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை காலை 6 மணியிலிருந்து 8 மணிவரை ஒரே பாதையில், ஒவ்வொரு நிலையிலும் 15 நிமிடம் நின்று, கண்டவற்றையும் கேட்டவற்றையும் தனித்தனியே எழுதுகிறோம். தகைவிலான்களை ஒரே நேரத்தில் தெரியும் அதிகபட்ச எண்ணிக்கையால் மட்டுமே குறிக்கிறோம். பறந்து திரிவதால் இரட்டிப்பாக எண்ணப்படும். பனிமூட்டம் இறங்கிய நாட்களையும் குறிப்பதால், பறவை குறைந்ததா, கண்ணுக்குத் தெரியாமல் போனதா என்பதைப் பிரித்தறியலாம். இப்பதிவுகளைக் கட்டணமின்றித் தருவோம். தாங்கள் நியமிக்கும் உத்தியோகத்தருக்குப் பெப்ரவரியில் ஒரு காலை ஓடைக் கரையைக் காட்டி, எந்தப் பற்றை எதற்காக நிற்க வேண்டும் என்று கம்பு நட்டுக் குறித்துக் கொடுக்கவும் தயார். சீசன் வேலைகளுக்கான கூட்டம் ஜனவரியில் நடக்கும்போது இதற்கும் இடம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நுவரெலியா மாவட்ட நீர்நிலைப் பறவைகளைக் கவனித்து வருவோர்

பிரதிகள்: வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகார சபை