பிளஸ் டூ ஆசிரியர்களுக்குக் கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து உங்கள் போன் ஓயாது என்று தெரியும். "எம்பிபிஎஸ் கிடைக்கல, வேற என்ன சேரலாம் சார்?" என்று கேட்கிறவர்களுக்கு நர்சிங், பார்மசி, பிசியோ என்று சொல்கிறீர்கள். பிஓடி, அதாவது ஆக்குபேஷனல் தெரபி, அந்த வரிசையில் வருவதே அபூர்வம். வந்தாலும் "பிசியோ மாதிரிதான்" என்பதோடு முடிந்துவிடுகிறது. இதே வேலையைக் கடலூரில் செய்கிறவள் நான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல்.

பெயரிலேயே வம்பு. 'தொழில்வழி சிகிச்சை' என்றால் "வேலை வாங்கித் தருவீங்களா?" என்று கேட்கிறார்கள். இங்கே ஆக்குபேஷன் என்பது சம்பள வேலை மட்டும் இல்லை. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, எழுதுவது, விளையாடுவது என்று ஒருவர் ஒரு நாளில் செய்கிற எல்லாமே.

தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பிசியோதெரபியில் நடை தேறிவிட்டது. ஆனால் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் சாப்பிடுவார். "பீச்சாங்கையால சாப்பிடுறத பேரப்பிள்ளைங்க பாக்கக் கூடாதாம்" என்றார் அவர் மனைவி. தடித்த கைப்பிடி ஸ்பூன் கொடு என்கிறது பாடப்புத்தகம். அவர் ஸ்பூனைத் தொடவே இல்லை. சரி, கையாலேயே பழகட்டும் என்று விளிம்பு உயர்ந்த தட்டை வைத்து, அது நழுவாமல் அடியில் ஈரத்துணி போட்டோம். இடது கை வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொள்ளும். முதலில் பிட்டு வைத்த இட்லி. குழம்புச் சோறு வந்தது வெகுநாள் கழித்துத்தான்.

சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில். அது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. லுங்கிதான் பெரும்பாடு, ஒற்றைக் கையால் கட்டினால் இடுப்பில் நிற்காது. எலாஸ்டிக் வைத்துத் தைக்கலாம் என்றேன். "பாவாடையா?" என்று முறைத்தார். அப்புறம் வெல்க்ரோ வைத்துத் தைத்தோம்.

அவரை நடக்க வைத்தது பிசியோ. அதைக் குறைத்துச் சொன்னால் என் கட்டை வேகாது. ஆனால் சோறும் லுங்கியும் வேறு படிப்பு.

உங்கள் பள்ளியிலேயே பாருங்கள். கையெழுத்துக்காகத் திட்டு வாங்கும் ஆறாம் வகுப்புப் பையன், கால் தரையில் எட்டாமல் பெஞ்சில் தொங்கிக்கொண்டு எழுதுகிறானா? காலுக்கடியில் ஒரு பலகை போட்டுப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு அதுவே போதும். போதாத பிள்ளைகளுக்குத்தான் நாங்கள்.

"ஏதோ புதுப் படிப்பாம்" என்று பெற்றோர் தயங்கினால், மும்பை கேஇஎம் மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இதற்கான பள்ளியை 1950லேயே தொடங்கிவிட்டார் என்று சொல்லுங்கள். துணை மருத்துவத் துறைகளுக்கான 2021ஆம் ஆண்டுத் தேசியச் சட்டத்திலும் எங்கள் தொழில் இருக்கிறது.

கசப்பையும் மறைக்காதீர்கள். தொடக்கச் சம்பளம் குறைவு. அரசுப் பணியிடங்களும் சொற்பம்தான். அமெரிக்கா போக ஆசைப்பட்டால் முதுநிலைப் பட்டமும் அங்குள்ள உரிமத் தேர்வும் வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளின் உலகக் கூட்டமைப்பு குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி கேட்கிறது, கல்லூரி அதைத் தருகிறதா என்று விசாரிக்க வேண்டும். நான் படித்தபோது பயிற்சியோடு சேர்த்து நாலரை ஆண்டு. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்ப்பது நல்லது.

சேர நினைக்கும் பிள்ளைகளை ஒரு நாள் எங்கள் தெரபி அறைக்கு அனுப்புங்கள். நோயாளிகளிடம் சம்மதம் கேட்டு உட்கார வைக்கிறேன். வருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு தலை சீவி, சட்டை பட்டன் போட்டு, ஸ்கூல் பேக் ஜிப்பை மூடிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்,
கடலூர் முதுநகர்