‘நியாஸ் மாவட்டம்’ என்று அச்சிடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் நிலம் அதிர்ந்தால்தான் நியாஸ் என்ற பெயர் தமிழ் நாளிதழ்களுக்குள் வருகிறது. கூடவே ஒரு மக்கள்தொகைக் கணக்கும் வரும். ஒன்றரை லட்சம் என்று ஒரு செய்தி சொல்லும், ஒன்பது லட்சம் என்று இன்னொன்று சொல்லும். இரண்டுமே பொய் அல்ல. முதலாவது நியாஸ் என்ற மாவட்டத்தின் கணக்கு, மற்றது நியாஸ் தீவும் அதைச் சார்ந்த சிறு தீவுகளும் சேர்ந்த கணக்கு. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் தொல்லை இது. செய்தி மேசையில் இருப்பவர்கள் சில விவரங்களைக் கையில் வைத்திருந்தால் தவிர்த்துவிடலாம்.

முதலில் அடுக்குகள். இந்தோனேசியாவில் மாகாணத்துக்குக் கீழே கபுபாத்தேன் அல்லது கோத்தா, அதாவது மாவட்டம் அல்லது நகரம். இரண்டும் ஒரே தகுதி உடையவை. அதற்குக் கீழே கெச்சமாத்தான், நம் வட்டத்தைப் போன்றது. கடைசியில் தேசா அல்லது கெலுராஹான். தேசா என்பது சமஸ்கிருத வழியில் வந்த சொல், ஆனால் அங்கே அதற்குக் கிராமம் என்று பொருள். தேசம் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. தேசாவின் தலைவரை ஊரார் தேர்ந்தெடுப்பார்கள். கெலுராஹான் நகர்ப்புறப் பிரிவு, அதற்கு அரசு ஊழியர் ஒருவர் நியமிக்கப்படுவார். மாவட்டத் தலைவர் புபாத்தி, நம் ‘பூபதி’யேதான். 2005 முதல் மக்கள் அவரை நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே ‘மாவட்ட ஆட்சியர்’ என்று எழுதுவது பிழை. நியமன அதிகாரி வேண்டுமானால் கெச்சமாத்தானின் தலைவரான ச்சாமாத்தைச் சொல்லலாம்.

பெரிய குழி ஆங்கிலத்தில் இருக்கிறது. செய்தி நிறுவனங்கள் கபுபாத்தேனை ‘ரீஜென்சி’ என்றும், கெச்சமாத்தானை ‘டிஸ்ட்ரிக்ட்’ என்றும் எழுதுகின்றன. நம் மொழிபெயர்ப்பாளர் டிஸ்ட்ரிக்டைக் கண்டதும் பழக்கத்தில் ‘மாவட்டம்’ போட்டுவிடுவார். ரீஜென்சிக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் ‘பிராந்தியம்’ என்பார். விளைவு, ‘தெற்கு நியாஸ் பிராந்தியத்தின் 35 மாவட்டங்கள்’. உண்மையில் அங்கே இருப்பது ஒரு மாவட்டமும் அதற்குள் 35 வட்டங்களும். ரீஜென்சிக்கு மாவட்டம், டிஸ்ட்ரிக்டுக்கு வட்டம் என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டால் போதும்.

இனி நியாஸ். 2003 வரை தீவு முழுவதும், தெற்கே உள்ள பத்துத் தீவுகளும் சேர்ந்து ஒரே மாவட்டம். (இந்தப் ‘பத்து’ எண் அல்ல. மலாயில் கல் என்று பொருள், பத்துமலையில் இருக்கும் அதே பத்து. வாசகர் பத்துத் தீவுகள் என்று எண்ணிவிடாமல் ‘பத்து என்னும் தீவுக்கூட்டம்’ என்று எழுதுவது நல்லது.) 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் எண் சட்டத்தால் தெற்கு நியாஸ் தனி மாவட்டமானது, பத்துத் தீவுக்கூட்டமும் அதனுடன் போனது. 2008-இல் 45, 46, 47 என்று அடுத்தடுத்த மூன்று சட்டங்கள் வடக்கு நியாஸ், மேற்கு நியாஸ், குனுங்சித்தோலி நகரம் ஆகியவற்றைப் பிரித்தன. இப்படிப் பிரிப்பதை இந்தோனேசியர்கள் பெமெக்காரான் என்கிறார்கள், மலர்தல் என்று பொருள். மீதமிருந்த தாய் மாவட்டம் நியாஸ் என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டது. குழப்பத்தின் வேர் இதுதான். பெயர் மாறவில்லை, எல்லை சுருங்கிவிட்டது.

2005 மார்ச் 28-இல் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது தீவில் இருந்தவை நியாஸ், தெற்கு நியாஸ் என்ற இரண்டு மாவட்டங்கள் மட்டுமே. அன்றைய சேத அறிக்கையில் ‘நியாஸ் மாவட்டம்’ என்று வருவது இன்றைய நியாஸ், வடக்கு நியாஸ், மேற்கு நியாஸ், குனுங்சித்தோலி ஆகிய நான்கும் சேர்ந்த பரப்பு. 2010 கணக்கெடுப்பின்படி அந்த நான்கிலும் 4,66,630 பேர். இன்றைய எல்லைக்குட்பட்ட நியாஸ் மாவட்டத்தில் மட்டும் 1,31,377 பேர். பழைய அறிக்கையையும் புதிய அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, பூகம்பத்துக்குப் பயந்து முக்கால்வாசிப் பேர் ஊரைவிட்டு ஓடிவிட்டதுபோல் தோன்றும். யாரும் ஓடவில்லை, கோடுதான் நகர்ந்தது. இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது பழைய எல்லைக்கு உட்பட்ட எல்லாப் பிரிவுகளையும் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.

2020 கணக்கெடுப்பின்படி நியாஸ் மாவட்டத்தில் 1,46,672 பேர், தெற்கு நியாஸில் 3,60,531, வடக்கு நியாஸில் 1,47,274, மேற்கு நியாஸில் 89,994, குனுங்சித்தோலியில் 1,36,017. கூட்டினால் 8,80,488. ‘நியாஸ் தீவின் மக்கள்தொகை’ என்று எழுதுவோர் எடுத்தாள்வது பெரும்பாலும் இந்தக் கூட்டுத்தொகையைத்தான். ஆனால் தெற்கு நியாஸின் கணக்கில் பத்துத் தீவுக்கூட்டத்தின் தானாமாசா, தானாபாலா, பினி, தெல்லோ தீவுகளும், மேற்கு நியாஸின் கணக்கில் ஹினாக்கோ தீவுகளும் அடக்கம். தீவை மட்டும் தனியே சொல்ல வேண்டுமானால் வட்டவாரியான அட்டவணைக்கு இறங்கி, கடலுக்கு அப்பால் உள்ளவற்றைக் கழிக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் ‘நியாஸும் சுற்றுத் தீவுகளும்’ என்று எழுதினால் கணக்கு சரியாகிவிடும்.

2010-இல் ஐந்தும் சேர்ந்து 7,56,338. இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடையே பத்து ஆண்டு அல்ல, பத்தாண்டும் நான்கு மாதமும். முந்தையது மே மாதம், பிந்தையது செப்டம்பர். அதைக் கணக்கில் கொண்டால் ஆண்டு வளர்ச்சி சுமார் 1.48 விழுக்காடு, நாட்டின் சராசரியான 1.25-ஐ விடக் கூடுதல். உள்ளே பார்த்தால் வளர்ச்சி சீராக இல்லை. தெற்கு நியாஸ் மொத்தத்தில் 24 விழுக்காடு கூடியிருக்கிறது, குனுங்சித்தோலி 8 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. நகரம் வேகமாக வளரும், கிராமம் தேயும் என்ற நம் வழக்கமான கணிப்பு இங்கே பலிக்காது. அந்த ‘நகரத்தின்’ 101 கடைநிலைப் பிரிவுகளில் 98 தேசாக்கள், மூன்றே கெலுராஹான்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கோத்தா என்பது நிர்வாகத் தகுதி. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கட்டடக் காட்டைக் கற்பனை செய்ய வேண்டாம்.

நியாஸ் மாவட்டத்தில் பத்து வட்டங்கள், 170 கிராமங்கள்: இதானோகாவோ, பாவோலாத்தோ, உலுகாவோ, கீடோ, மாஉ, சொமோலோ-மோலோ, ஹிலிடூஹோ, ஹிலி செராங்காய், போத்தோமுசோய், சொகாயேஅது. தலைநகர் கீடோ. குனுங்சித்தோலியைத் தலைநகர் என்று எழுதுவது 2008-க்கு முந்தைய தகவல், அது இப்போது அந்த மாவட்டத்திலேயே இல்லை. சராசரியாக ஒரு கிராமத்துக்கு 860 பேர்தான். ஆகவே ‘மூன்று கிராமங்கள் பாதிப்பு’ என்று வந்தால் சில ஆயிரம் பேர் என்று புரிந்துகொள்ள வேண்டும், அதற்குமேல் ஊதக் கூடாது.

எண்களை எழுதும் முறையிலும் சறுக்கல் உண்டு. இந்தோனேசிய அட்டவணையில் ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமத்தைக் காட்டுவது காற்புள்ளி. 146.672 என்பது ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம். தசமப் புள்ளி என்று எண்ணி 147 பேர் என்றோ, ‘ஆயிரத்தில்’ என்ற தலைப்பு உள்ள அட்டவணையில் 146,67 என்பதைப் பதினான்காயிரம் என்றோ படித்துவிட வாய்ப்புண்டு. தலைப்பை முதலில் பாருங்கள்.

கணக்கு எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். நடுவண் புள்ளியியல் நிறுவனமான பெ.பெ.எஸ். வழக்கமாக வசிப்பவர்களை எண்ணுகிறது. உள்துறையின் குடிமைப் பதிவுப் பிரிவு, குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர்களைச் சொல்கிறது. சுமத்ரா நகரங்களான மேடானுக்கோ சிபோல்காவுக்கோ வேலைக்குப் போய், அட்டையை ஊரிலேயே விட்டுவைத்தவர் ஒன்றில் இருப்பார், மற்றதில் இருக்கமாட்டார். ஒரே செய்தியில் இரண்டையும் கலந்தால் கூட்டல் ஒத்துவராது.

இந்த இரு துறைகளும் மாவட்டங்களுக்குத் தனித்தனிக் குறியீட்டு எண்கள் வைத்திருக்கின்றன. பெ.பெ.எஸ். கணக்கில் 1201 நியாஸ், 1204 சுமத்ராக் கரையில் உள்ள மத்திய தப்பனூலி மாவட்டம். உள்துறையில் நேர்மாறு: 12.04 நியாஸ், 12.01 மத்திய தப்பனூலி. எண்ணை வைத்து இரு அட்டவணைகளை இணைப்பவர், தீவின் மக்களைத் தூக்கி எதிர்க்கரையில் குடியமர்த்திவிடுவார். (அந்த எதிர்க்கரை நமக்குப் புதிதல்ல. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-இல் தமிழ்க் கல்வெட்டு நாட்டிய லோபு துவா, மத்திய தப்பனூலியின் பாருஸ் அருகில்தான் உள்ளது.) எண்ணோடு பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

பெயரும் சில நேரம் காலை வாரும். தெலுக் டாலாம் தெற்கு நியாஸின் தலைநகர். அதே பெயரில் ஆச்சே மாகாணத்தின் சிமலூவே என்னும் தீவு மாவட்டத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. 2005-இல் இரண்டு தீவுகளும் குலுங்கின, எனவே மாவட்டப் பெயர் இல்லாமல் தெலுக் டாலாம் என்று மட்டும் எழுதக் கூடாது. திசைச் சொற்களும் அப்படியே. ‘லாவுத்’ என்றால் கடல், ஆனால் ‘பாராத் லாவுத்’ என்றால் வடமேற்கு, ‘திமூர் லாவுத்’ என்றால் வடகிழக்கு. ‘பாராத் டாயா நியாஸ் பாராத்’ என்று நிலநடுக்க அறிவிப்பில் வந்தால், மேற்கு நியாஸ் மாவட்டத்துக்குத் தென்மேற்கே என்று பொருள்.

இந்த அட்டவணையும் நிரந்தரம் அல்ல. நியாஸ் தீவுகளைத் தனி மாகாணமாக்கக் கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. புதிய மாகாணத்துக்குக் குறைந்தது ஐந்து மாவட்டங்கள் அல்லது நகரங்கள் வேண்டும் என்பது விதி. அங்கே இருப்பவை சரியாக ஐந்து. மாகாணம் அமைந்தால் வட சுமத்ராவைக் குறிக்கும் 12 போய் வேறு எண் வரும். நியாஸ் என்ற பெயருக்கு மாவட்டம், தீவு என்ற இரண்டு பொருள்களோடு மூன்றாவதும் சேர்ந்துகொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்