வெட்டும் முன் கணுவைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒருவர் கண்ணாடி டம்ளரும் கையுமாகக் கடைக்கு வந்தார். உள்ளே ஒரே ஒரு மணி பிளாண்ட் இலை, காம்போடு. “ஒரு மாசமா வாடாம இருக்குங்க, ஆனா துளிரே வரலை” என்றார். இன்னும் ஒரு வருடம் வைத்திருந்தாலும் வராது. இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால்தான் இந்த மடல்.

மணி பிளாண்டில் துளிர் கிளம்பும் மொட்டு கணுவில்தான் இருக்கிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். சற்றுப் புடைத்து, மோதிரம் போட்ட மாதிரி ஒரு கோடு தெரியும், அதுதான் கணு. பக்கத்திலேயே பழுப்பாக ஒரு சின்ன முனை நீட்டிக்கொண்டிருக்கும். அது காற்றுவேர், தண்ணீர் பட்டால் பெரும்பாலும் முதலில் நீளுவது அதுதான். கணுவுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு, சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெராவுக்கும் இதே கணக்குதான்.

கணு தண்ணீருக்குள் இருக்கட்டும், இலை வெளியே இருக்கட்டும். இலை முங்கினால் அழுகித் தண்ணீர் நாறிவிடும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் வேர் தெரியும். குளிர் நாட்களில் இன்னும் இழுக்கும்.

வேர் 2 அங்குலம் வந்ததும் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழக நாளாகும். அதனால் முதல் பத்து நாள் மண் காயவே கூடாது. அப்புறம் மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். நடுவில் ஓர் இலை மஞ்சளடித்தால், வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். (நாங்களும் பிடுங்கிப் பார்த்தவர்கள்தான்.)

ஸ்நேக் பிளாண்ட் மட்டும் வேறு கதை. வெறும் இலைத் துண்டே வேர்விட்டுக் குட்டி போடும், மாதக்கணக்கில் பொறுத்தால். அடிப்பக்கம் கீழே இருக்க வேண்டும், தலைகீழாக நட்டால் வேர்விடாது. மஞ்சள் கரை போட்ட ரகமானால் குட்டி வெறும் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுங்கள்.

ஒன்று மறந்துவிட்டோம்: மணி பிளாண்ட் சாறு தோலை அரிக்கும். வெட்டியதும் கை கழுவுங்கள், குழந்தைகளுக்கும் பூனை நாய்க்கும் எட்டாமல் வையுங்கள்.

வேர்விடாத தண்டு இருந்தால் டம்ளரோடு கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் செடிக்கடை