பெருந்தொற்றிலும் பல் அவசர சிகிச்சை நிற்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்றுக்கு எப்படி ஆயத்தமாவது என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆக்சிஜன், தீவிர சிகிச்சைப் படுக்கை, தடுப்பூசி என அனைத்தும் பேசப்படும் அந்த விவாதத்தில் பல் மருத்துவம் ஒரு வரியில்கூட இடம்பெறாதது வருத்தமளிப்பதால், பல ஆண்டுகள் பல் மருத்துவராகப் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அறிவித்தது. ஐந்து நாள்களில், அவசரமில்லாத சிகிச்சைகளை மூன்று வாரம் தள்ளிவைக்கும்படி அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. இங்கிலாந்திலோ மார்ச் 25 முதல் ஜூன் 8 வரை, வழக்கமான பல் மருத்துவமனைகளில் நோயாளியை நேரில் பார்ப்பதே நின்றுபோயிற்று. அன்றைய அச்சத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திறந்த வாய்க்கு வெகு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் நாங்கள். நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் ட்ரில்லும், பல்லில் படிந்த காரையை நீக்கும் மீயொலிக் கருவியும், தண்ணீரோடு எச்சிலையும் இரத்தத்தையும் கலந்து கண்ணுக்குத் தெரியாத திவலைகளாக அறையில் பரப்புகின்றன. அந்த எச்சிலிலேயே கிருமி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, யாருக்கும் கை தயங்கத்தான் செய்யும்.

ஆனால், நாங்கள் கதவை மூடியதற்காக நோய் காத்திருக்கவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் கட்டிய சீழ் நாக்குக்கு அடியில் பரவினால், நாக்கை மேலே தள்ளி மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த இந்த நிலை, உடனே கவனிக்காவிட்டால் உயிரைப் பறித்துவிடும். பெருந்தொற்றின் தொடக்க வாரங்களில் நானும் தொலைபேசியில்தான் மருத்துவம் பார்த்தேன். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று அழைத்த ஒருவருக்கு வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் சொல்லி வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் அவருடைய மகள் அழைத்து, “அப்பாவால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, பேச்சும் குழறுகிறது டாக்டர்” என்றார். அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். கழுத்தைக் கீறிச் சீழை வடித்து அவரைக் காப்பாற்றினார்கள். முதல் நாளே வரச்சொல்லிப் பல்லைத் திறந்துவிட்டிருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான கூழ் அழன்று வரும் வலி, ஆன்டிபயாட்டிக்கால் தீர்வதில்லை. கூழை நீக்க வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நாற்காலியும் கருவியும் மருத்துவரின் கையும் தேவை. அந்த வழி அடைபட்டிருந்த இங்கிலாந்தில், 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை பல் மருத்துவர்கள் எழுதிய ஆன்டிபயாட்டிக், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடியதில் வியப்பில்லை.

பாதுகாப்பாகச் சிகிச்சை தருவது முடியாத காரியமன்று என்பதும் அந்த ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. 2020 ஜூனில் அமெரிக்கப் பல் மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், தொற்று கண்டிருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அதிவேக உறிஞ்சுகுழாயைப் பல்லருகே பிடிப்பது, ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டிப் பல்லை எச்சிலிலிருந்து பிரிப்பது, முகத்தோடு சரியாகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் அணிவது, நோயாளிகளை வெளியே காத்திருக்கச் செய்வது ஆகியவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. காற்றோட்டத்தை மட்டும் பலரும் இன்னும் பொருட்படுத்துவதில்லை. மணிக்கு 6 முறை காற்று மாறும் அறையில் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம் போதும். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும். கருவிகளைக் கழுவி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கும் உதவியாளருக்கும் மருத்துவருக்குக் கிடைக்கும் அதே தரமான கவசம் கிடைக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தட்டுப்பாடு வரும்போது முதலில் விடுபடுபவர் அவர்தான்.

ஆகவே, பல் அவசர சிகிச்சையை முதல் நாளிலிருந்தே அத்தியாவசியச் சேவைகளில் சேர்த்து, எந்த மருத்துவமனைகள் திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அவற்றுக்கான கவசங்களை ஒதுக்கி வைக்கும்படி சுகாதாரத் துறைகளைக் கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியை எடுப்பவர், வலிக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், விழுங்க முடிகிறதா, வாய் திறக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, வீக்கம் கண்ணையோ கழுத்தையோ நோக்கிப் பரவுகிறதா, அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்கவில்லையா என்று கேட்கப் பழகியிருக்க வேண்டும். விழுந்து அடிபட்டு நிலைப்பல் முழுதாகக் கழன்று வந்துவிட்டால், வேரைத் தொடாமல், வாயில் வெளியே தெரியும் தலைப்பகுதியைப் பிடித்து உடனே குழியில் பொருத்த வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். இதையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். பால்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சமூகப் பரவல் உள்ள இடங்களில் வழக்கமான பல் பரிசோதனையைத் தள்ளிவைக்கலாம், அவசர சிகிச்சை தொடர வேண்டும் என்றுதான் 2020 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. பல செய்தித் தலைப்புகளில் அந்த நிபந்தனை விடுபட்டு, பல் மருத்துவரிடமே போகாதீர்கள் என்ற பொருள்தான் வாசகர்களைச் சென்றடைந்தது. மீண்டும் அப்படியொரு காலம் வந்தால், தாங்கள் நாள்தோறும் வெளியிடும் அவசர உதவி எண்களின் வரிசையில், பல் அவசர சிகிச்சைக்கான எண்ணையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர்